புதுப்பிப்பு: வெள்ளவத்தை வீட்டுக் குழாய்ப் பள்ளம்

கழிவுநீர்க் குழாய் பதிக்க எந்தக் கருவி வாங்குவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பள்ளம் தோண்டி முடிந்தது. மேலே இறுகிக் கிடந்த கட்டிட இடிபாடு அலவாங்குக்குத்தான் (கடப்பாரை) பெயர்ந்தது. கீழே மணல், மண்வெட்டியே போதும். கேற் விளக்குக்கு மின்கம்பி போகும் பக்கம் மட்டும் அலவாங்கைத் தொடவே வேண்டாம்: 230 வோல்ட், இரும்புத் தண்டு, ஈர மண். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, மரப்பிடிச் சவளால் மெல்லச் சுரண்டினோம்.

அப்புறம், பெரிய ஆபத்து அந்த மணல்தான். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரைத் தொன் வரும், சரிந்தால் ஆளை மூச்சுவிட விடாது. அள்ளியதை விளிம்பிலிருந்து 2 அடியாவது தள்ளிக் கொட்டுங்கள். மணலில் இடுப்பளவை விட ஆழமாகப் போவதென்றால் பள்ளத்தின் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள்; மழை பெய்த மறுநாள் அறவே வேண்டாம்.