புதுப்பிப்பு: அக்கா மகள் விஷயம், மூன்று மாதம் கழித்து

போன முறை எழுதியது: டியூஷன் வாத்தியார் தப்பாகத் தொடுகிறார் என்று அக்காவின் ஒன்பது வயது மகள் சொன்னாள். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று வீட்டில் தயங்கினார்கள். என்ன செய்வதென்று கேட்டிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் போட்டேன். ஸ்டேஷன் படி ஏற வேண்டுமே என்றுதான் அக்காவுக்குப் பயம். ஏறவே இல்லை. பெண் எஸ்.ஐ. ஒருவர் சுடிதாரில் வீட்டுக்கே வந்தார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் அப்படித்தான் சொல்கிறது: குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது சீருடை கூடாது, பெற்றோர் கூட இருக்கலாம். பாப்பா பாதியில் எழுந்துபோய்ப் பூனைக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தாள். அதுவரை அவர் பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தார்.

பெயர், பள்ளி, முகவரி எதையும் பத்திரிகையில் போடக்கூடாது என்பதும் சட்டம்தான். அதைக் கேட்ட பிறகுதான் அத்தான் வாயைத் திறந்தார்.

அந்த வாத்தியார் வேலை பார்த்த டியூஷன் சென்டரை நடத்துகிறவர் 'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று வந்தார். தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருந்தால் அதுவே குற்றம் என்றதும் காபியைக் கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

நான் செய்த தப்பு ஒன்று. ஆரம்பத்தில் பெரியம்மா, சித்தி என்று ஒவ்வொருவரிடமும் பாப்பாவையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். கவுன்சலர் கடிந்துகொண்டார், நியாயம்தான்.

இப்போது குழந்தைகள் நலக் குழு ஒரு துணையாளரைக் கொடுத்திருக்கிறது. கோர்ட் விவரமெல்லாம் அவர்தான் சொல்கிறார். வழக்கு நடக்கிறது. பாப்பா இன்னும் லைட் எரிந்தால்தான் தூங்குகிறாள். சரி, எரியட்டும்.