‘ஆல்தோ’ போட்டால் ‘பட்’ ஏன் போடக்கூடாது?

கேள்வி: காலடிப்பேட்டையிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். பாரிமுனை பக்கம், கப்பலில் வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீசில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். சேர்ந்து எட்டு மாதம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். பில் ஆஃப் என்ட்ரி, டெலிவரி ஆர்டர் மாதிரி சரக்குக் காகிதங்கள் எல்லாம் இப்போது பழகிவிட்டது. மெயில் எழுதுவதில்தான் அடி வாங்குகிறேன். தனித்தனி வாக்கியமாக எழுதினால் சரியாக வருகிறது. இரண்டைச் சேர்க்கப் போனால் சறுக்குகிறது.

போன வாரம் எழுதினேன்: “ஆல்தோ தி வெசல் அரைவ்ட், பட் தி கன்டெய்னர் இஸ் நாட் ரிலீஸ்ட்.” மேனேஜர் ‘பட்’டை அடித்தார். மறுநாள் “பிகாஸ் தி டியூட்டி இஸ் நாட் பெய்ட், ஸோ வி ஆர் வெயிட்டிங்” என்று எழுதினேன். அதில் ‘ஸோ’வை அடித்தார். ஏன் சார் என்றால், “அது அப்படித்தாம்மா” என்கிறார்.

மூன்றாவதுதான் மனசை ரொம்பக் கஷ்டப்படுத்தியது. ஒரு பார்ட்டி போன் செய்து வண்டியை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம். அதை மெயிலில் “வி டிட் நாட் மூவ் தி கன்டெய்னர் பிகாஸ் யூ கால்ட்” என்று எழுதினேன். அவர் உடனே போனில் பிடித்துக்கொண்டு, “யாரைக் கேட்டு எடுத்தீங்க?” என்று கத்துகிறார். ‘எடுத்தோம், ஆனால் நீங்கள் கூப்பிட்டதற்காக எடுக்கவில்லை’ என்று அவர் படித்திருக்கிறார். ஒரே வாக்கியம் எப்படி இரண்டு பக்கமும் போகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: தண்டையார்பேட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்

அம்மா, இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பல வருஷம் இங்கிலீஷ் எடுத்தவன் நான். நீ எழுதிய ‘ஆல்தோ... பட்’ வகுப்புக்கு வகுப்பு வரும். அது கவனக்குறைவு இல்லை. உன் தமிழ் ஒழுங்காக வேலை செய்வதால் வருகிற தப்பு.

‘கப்பல் வந்தாலும் கன்டெய்னர் வெளியே வரவில்லை.’ இதில் இரண்டையும் சேர்ப்பது எது? ‘வந்தாலும்’ என்பதில் இருக்கிற ‘ஆலும்’. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது? முதல் பகுதியின் வாலில், அதாவது இரண்டு பகுதிக்கும் நடுவில். ‘டியூட்டி கட்டாததால் காத்திருக்கிறோம்’ என்பதிலும் ‘ஆல்’ நடுவில்தான். வந்தால், வந்தபோது, வந்ததும், வரும்வரை எல்லாம் இதே கதை. நம் காது இணைப்பை நடுவில் எதிர்பார்த்தே வளர்ந்தது.

எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் கூட்ஸ் யார்டு. வேகனை நினைத்துக்கொள். தமிழ் வேகனுக்குக் கொக்கி பின்னால், இங்கிலீஷ் வேகனுக்குக் கொக்கி முன்னால். ‘ஆல்தோ தி வெசல் அரைவ்ட்’ என்று தொடங்கும்போது கொக்கி வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிட்டது. நடுவில் ஒரு கமா மட்டும்தான் மிச்சம். அந்த இடம் நமக்கு வெறிச்சென்று தெரிகிறது, கை தானாக ஒரு ‘பட்’டை எடுத்து மாட்டுகிறது. ‘பிகாஸ்... ஸோ’வும் அப்படி வந்ததுதான்.

மாட்டினால் என்ன? ‘பட்’ சேர்ப்பது சரிசமமான இரண்டு வாக்கியங்களை, இரண்டும் தனியாக நிற்கும். ‘ஆல்தோ’ ஒன்றைத் தனியாக நிற்க முடியாதபடி இன்னொன்றில் சாய்த்துவிடுகிறது. சாய்ந்தும் நின்றும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. ‘ஸ்டில்’ போட்டுக்கொள்ளலாம், அது வினையோடு ஒட்டுகிற சொல், இணைப்புச் சொல் இல்லை.

ஒரு மாதத்துக்கு நீ ஒன்று செய். முக்கியச் செய்தியை முதலில் எழுது. “தி கன்டெய்னர் இஸ் நாட் ரிலீஸ்ட் ஆல்தோ தி வெசல் அரைவ்ட்.” இப்போது கொக்கி நடுவுக்கு வந்துவிட்டது பார், இன்னொன்று தேட மாட்டாய்.

ஆனால் உன் மூன்றாவது வாக்கியத்துக்கு இது உதவாது, அங்கே நேர் எதிராகச் செய்ய வேண்டும். ‘நாட்’ முன்னால் வந்து ‘பிகாஸ்’ பின்னால் வந்தால், அந்த ‘நாட்’ எதை மறுக்கிறது? எடுத்ததை மறுக்கலாம், காரணத்தையும் மறுக்கலாம். பேச்சில் குரல் காட்டிக்கொடுக்கும், காகிதத்தில் குரல் இல்லை. தமிழில் ‘நீங்கள் கூப்பிட்டதால் எடுக்கவில்லை’ என்றாலும் இதே சிக்கல்தான், அங்கே ‘தான்’ வந்து நம்மைக் காப்பாற்றுகிறது. இங்கிலீஷில் காரணத்தை முன்னால் வை: “பிகாஸ் யூ கால்ட், வி டிட் நாட் மூவ் தி கன்டெய்னர்.” இதற்கு ஒரே அர்த்தம். அந்த கமாவை விட்டுவிடாதே.

பதில் 2: ராயபுரம்

கப்பலில் இருக்கிறேன், இப்போது லீவில் வீட்டில். தங்கச்சி, சார் சொன்னது சரி. எங்கள் பழக்கத்தையும் சொல்கிறேன். ஒரே கப்பலில் நாலு நாட்டுக்காரன் இருப்பான். அதற்காகவே 2001இல் ஐ.எம்.ஓ. என்கிற சர்வதேசக் கடல்சார் அமைப்பு, கடல் வேலைக்கென்று தரப்படுத்திய ஆங்கிலச் சொற்றொடர்களை ஏற்றுக்கொண்டது. வாக்கியம் எல்லாம் குட்டி குட்டியாக இருக்கும். ரேடியோவில் ‘பிகாஸ்’ போட்டு நீட்டினால் எதிரில் இருப்பவன் பாதியைத்தான் பிடிப்பான். சந்தேகம் வந்தால் உடைத்துவிடு. “யூ கால்ட். வி ஸ்டாப்ட் தி டிரக். தி கன்டெய்னர் இஸ் ஸ்டில் ஹியர்.” மூன்று முற்றுப்புள்ளி, சண்டைக்கு இடமே இல்லை.

காலடிப்பேட்டை

சார், ரொம்ப நன்றி. எட்டு மாதத்து மெயிலையும் எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன இடத்தில்தான் எல்லாத் தப்பும் இருக்கிறது. அண்ணா, உங்களுக்கும் நன்றி. அவசர மெயிலுக்கு உங்கள் வழிதான்.

இன்னும் இரண்டு சந்தேகம். “தி பார்ட்டி டோல்ட் தட் ஐ வில் பே டுமாரோ” என்று எழுதினால், பணம் கட்டப்போவது நானா என்று கேட்கிறார்கள். “வென் தி வெசல் வில் கம்” என்பதையும் ஒரு இடத்தில் அடிக்கிறார், இன்னொரு இடத்தில் விட்டுவிடுகிறார்.

பதில் 3: தண்டையார்பேட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்

முதலாவது நம் ‘என்று’ செய்கிற வேலை. ‘நாளைக்குக் கட்டுறேன்னு சொன்னார்.’ தமிழில் அவர் சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே வைத்து, பின்னால் ‘என்று’ போட்டு மூடுகிறோம். ‘தட்’ முன்னால் வந்துவிடுகிறது. வந்த பிறகு பேசுவது நீதான், அவர் இல்லை. அதனால் ‘ஐ’ என்பது ‘ஹி’ ஆகும், ‘வில்’ பெரும்பாலும் ‘வுட்’ ஆகும், ‘டுமாரோ’கூட நாள் தாண்டிப் படித்தால் மாறிவிடும். ‘டோல்ட்’டுக்கு யாரிடம் என்று ஒரு ஆள் வேண்டும்: ‘டோல்ட் அஸ் தட்’. ஆள் இல்லை என்றால் ‘செட் தட்’. பேச்சில் ‘தட்’டை விட்டுவிடுவார்கள், தப்பில்லை. ஆபீஸ் மெயிலில் வைத்துக்கொள், படிப்பவருக்கு எங்கே பிரிகிறது என்று தெரியும்.

இரண்டாவது எனக்குப் பிடித்த கேள்வி. தமிழில் சொல்லிப் பார். ‘கப்பல் வரும்போது சொல்கிறேன்’ என்று ‘போது’ வந்தால் ‘வில்’ கிடையாது: “வென் தி வெசல் கம்ஸ்.” ‘கப்பல் எப்போது வரும் என்று தெரியவில்லை’ என்று ‘எப்போது’ வந்தால் ‘வில்’ உண்டு: “வி டோன்ட் நோ வென் தி வெசல் வில் கம்.” முதலாவது நேரத்தைச் சொல்வது, இரண்டாவது உள்ளே புதைந்த கேள்வி. புதைந்த கேள்வியில் ‘வென் வில் தி வெசல் கம்’ என்று புரட்டாதே, அது நேராகக் கேட்கும்போது மட்டும். உன் மேனேஜர் இரண்டு இடத்திலும் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

பதில் 4: புதுவண்ணாரப்பேட்டை

‘பிகாஸ்’, ‘அண்ட்’, ‘பட்’ இவற்றில் வாக்கியம் தொடங்கவே கூடாது என்று எங்கள் டியூஷன் மிஸ் சொல்வார். ஐயா ‘பிகாஸ்’ முதலில் போடச் சொல்கிறாரே?

பதில் 5: தண்டையார்பேட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்

‘பிகாஸ்’ என்று தொடங்கி அந்தப் பாதியிலேயே முற்றுப்புள்ளி வைப்பதுதான் எழுத்தில் குறை. பிள்ளைகள் அதைச் செய்யாமல் இருக்கவே அந்த விதியைச் சொல்கிறோம். மீதிப் பாதி வந்துவிட்டால் எந்தக் குறையும் இல்லை. ‘அண்ட்’ விஷயத்துக்கு, உங்கள் பக்கம் சர்ச்சுக்குப் போகிற யாரிடமாவது 1611ஆம் வருஷத்து ஆங்கில பைபிளில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 31 வசனம். முதலாவதையும் 27ஆவதையும் தவிர எல்லாம் ‘அண்ட்’டில்தான் தொடங்கும்.

காலடிப்பேட்டை

இன்று காலை அனுப்பியது: “தி பார்ட்டி டோல்ட் அஸ் தட் ஹி வுட் பே டுடே. வென் ஹி பேஸ், வி வில் மூவ் தி கன்டெய்னர்.” மேனேஜர் எதையும் அடிக்கவில்லை சார்.