புளியரையில் நனைந்த ஜாக்கெட்டும் உரச்சாக்குக்கு நீட்டிய நூறு ரூபாயும்

பாளைக்காரன்

பைக்கில் லாங் ரைடு போக எந்த ஜாக்கெட் என்று நம்ம குழுவில் ஆளாளுக்குக் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். போன ஆடியில் கொச்சிக்குப் போய்விட்டு ஆரியங்காவு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். காற்று புகுகிற வலைத்துணியில் மெஷ் ஜாக்கெட், பதினோராயிரம் ரூபாய், மழையை மறிக்க உள்ளே ஜிப் வைத்து மாட்டுகிற ரெயின் லைனர். அந்த லைனரை உங்களுக்கெல்லாம் தெரியும். சாரல்தானே என்று முதலில் மாட்டவில்லை. கோட்டைவாசல் பக்கம் வந்ததும் சாரல் மழையாகிவிட்டது. ரோட்டோரம் நிறுத்தி, மழையிலேயே ஜாக்கெட்டைக் கழற்றி, நனைந்த விரலால் அந்த ஜிப்பை ஏற்றி முடிப்பதற்குள் உள்ளே போட்டிருந்த பனியன் வரை ஊறிவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. வெளித்துணி முழுக்கத் தண்ணீர் குடித்துக் கனத்துப் போய், அதன்மேல் காற்று அடிக்க அடிக்க, மண்பானைத் தண்ணீர் மாதிரி நான் உள்ளே குளிர்ந்துகொண்டே வந்தேன். லைனர் மழையை மறித்தது உண்மைதான், குளிரை அது என்ன செய்யும்? புளியரை எஸ் வளைவில் பிரேக் லீவரில் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கீழே வந்து, பூட்டிக் கிடந்த ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நடுங்கிக்கொண்டு நின்றேன்.

ஒரு பெரியவர் எக்ஸ்எல் வண்டியில் புல்லுக்கட்டோடு வந்து ஒதுங்கினார். தலையில் உரச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எய்யா, மழைக்கோட்ட உள்ள போட்டு சட்டைய வெளிய போட்டிருக்கீரே, எதுக்கு?"

என்ன பதில் சொல்ல? புல்லுக்கட்டுக்கு அடியிலிருந்து இன்னொரு சாக்கை உருவி, பண்ணரிவாளால் அடிப்பக்கம் ஒரு கீறல், இரண்டு மூலையிலும் ஒவ்வொரு கீறல் போட்டு, ஜாக்கெட்டுக்கு மேலே என் தலை வழியாக மாட்டிவிட்டார். யூரியா வாடை. கால்மணி நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. காற்று படவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

நான் பர்ஸை எடுத்து நூறு ரூபாயை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, கோபப்படவும் இல்லை. "சாக்கு பத்து ரூவாதான் போவும்" என்று சொல்லிவிட்டு வண்டியை மிதித்துக் கிளம்பிவிட்டார். ஒரு வருஷம் ஆகப்போகிறது, அந்தப் பத்து ரூபாய் இன்னும் உறுத்துகிறது.

வள்ளியூர்க் காற்று

அண்ணாச்சி, மழை ஒரு பக்கம் கிடக்கட்டும். காற்றுக்கு என்ன சாக்கு போடுவீர்?

நாகர்கோவிலிலிருந்து வள்ளியூருக்கு ஆனி மாசம் வந்தேன். பின்னால் 45 லிட்டர் டாப் பாக்ஸ், அதற்கு மேல் வலை போட்டுக் கட்டிய டெயில் பேக். பாரம் ஒன்றும் கிடையாது, நேந்திரங்காய் சிப்ஸும் மட்டிப்பழமும்தான். அதனால்தான் அசட்டையாக இருந்துவிட்டேன். ஆரல்வாய்மொழி கணவாய், முப்பந்தல் எல்லாம் எதிர்பார்த்த அடிதான், சமாளித்து வந்தாச்சு. காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில் தார்ப்பாய் போட்ட லாரி ஒன்றை முந்தினேன். வடக்கே போகையில் காற்று இடது பக்கம் அல்லவா? லாரியின் பக்கவாட்டில் போகும்போது திடீரென்று ஒரு அமைதி, மின்விசிறியை நிறுத்தின மாதிரி. நிம்மதியாக இருக்கிறதே என்று நினைத்தேன். லாரியின் மூக்கைத் தாண்டிய அந்த நொடியில் யாரோ பெட்டியைப் பிடித்துத் தள்ளியதுபோல் வண்டி வலதுபக்கம் பாய்ந்தது. சாலை நடுவில் நிற்கிற அரளிச் செடி என் வலது கண்ணாடியில் சரசரவென்று உரசியது இன்னும் காதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கண்ணாடித் தண்டில் ஒரு அரளிப்பூ சிக்கியிருக்கிறது. ரோஸ் கலர்.

அம்மி பறப்பது இருக்கட்டும், சிப்ஸ் பெட்டியே ஆளைப் பறக்கவைக்கும். எடை குறைவு என்பது காற்றுக்குக் கணக்கே இல்லை, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்பதைத்தான் அது பார்க்கும். பின் அச்சுக்குப் பின்னால் உயரத்தில் கனத்தை வைத்தால் முன்சக்கரம் வேறு லேசாகிவிடும். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்குகிற சேடில் பேக்தான் இப்போது வைத்திருக்கிறேன். டாப் பாக்ஸ் வீட்டில் பருப்பு டப்பாவாக இருக்கிறது.

ஸ்ப்ளெண்டர் சித்தப்பா

பதினோராயிரத்துக்கு ஜாக்கெட், 45 லிட்டர் பெட்டி. நல்லா இருங்கப்பா. நான் 2016-இல் ஸ்ப்ளெண்டரில் லடாக் போய்வந்தேன். கேரியரில் தார்ப்பாய் சுற்றிய ஒரு மூட்டை, நைலான் கயிறு. மணாலி-லே பாதையில் சார்ச்சு என்கிற இடத்துக்குப் பக்கத்தில் பெரிய வண்டிக்காரப் பையன் ஒருவனுக்கு இரும்புப் பெட்டியின் பிராக்கெட் விட்டுப்போய், என்னிடம்தான் கயிறு வாங்கிக் கட்டினான். அவன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் கதை இவ்வளவுதான்.

கேட்கிறீர்களோ இல்லையோ சில விஷயம் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் கேபிள் ஸ்பேர் வைத்துக்கொள்ளுங்கள், பையில் வைக்காதீர்கள், பழைய கேபிளோடு சேர்த்து அதே பாதையில் இழுத்து டேக் போட்டு வைத்துவிடுங்கள், அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டவேண்டியதுதான் வேலை, டேங்க் கழற்ற வேண்டாம். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய், மழையில் ஓட்டினால் அன்று ராத்திரியே. ராத்திரி ஏன் என்றால் செயின் சூடாக இருக்கும்போது விட்டால் உள்ளே இறங்கும், காலைக்குள் வழிகிறது வழிந்துவிடும், காலையில் விட்டுக் கிளம்பினால் பாதி உங்கள் பேண்டில்தான் இருக்கும். பங்கி கயிறு, அதாவது முனையில் கொக்கி வைத்த ரப்பர் கயிறு, வாங்காதீர்கள், அந்தக் கொக்கி கண்ணைப் பறித்துவிடும், வலித்துக் கட்டும்போது முகத்தைத் தள்ளி வைக்கவேண்டும், லாரி கிளீனர் யாரிடமாவது கயிறு கட்டுவதைக் கற்றுக்கொண்டு வாருங்கள், நம்ம பக்கம் வாழைத்தார் ஏற்றுகிற எந்த இடத்திலும் பார்க்கலாம். மணாலி வழியாக லே போவதென்றால் தாண்டி என்கிற ஊரில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று நான் போனபோது அங்கே போர்டே இருந்தது, டேங்க் போதாத வண்டிக்குக் கேன் வேண்டும். நம்ம ஊர் பிரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். கார்பரேட்டர் வண்டி உயரத்தில் இருமும், காற்று மெலிசு, பெட்ரோல் அதே அளவு, அதனால் புகை கக்கும், பயப்படாதீர்கள், மெதுவாக ஏறும். ஹெல்மெட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 2021 ஜூனிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம், ஆனாலும் ரோட்டோரத்தில் மரத்தில் தொங்கவிட்டு விற்கிறார்கள். ஒருமுறை நன்றாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லையே என்று வைத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே இருக்கிற தெர்மோகோல் நசுங்கினால் நசுங்கினதுதான், திரும்ப உப்பாது. மற்ற கார்டு, பேடு எல்லாம் படம் காட்டுவதற்கு.

தென்காசி அக்கா

சித்தப்பா, கடைசி வரிக்கு முந்தின வரியோடு நிறுத்தியிருக்கலாம்.

முழங்கால் கார்டு படம் காட்டுவதற்கு என்றால் என் முழங்காலை வந்து பாருங்கள். போன பங்குனி, பிசான அறுப்பு நேரம். அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகிற ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள், உங்களுக்குத் தெரியாததா. வளைவில் பார்க்கவில்லை. வேகம் முப்பதுதான் இருக்கும். முன்சக்கரம் நெல்மேல் ஏறியதும் கையில் பிடிமானமே இல்லை, மாவில் கால் வைத்த மாதிரி. கார்டு போட்டிருந்தேன். விழுந்து எழுந்து பார்த்தால் அது கெண்டைக்காலில் இருக்கிறது! முழங்கால் தோல் ரோட்டில் இருக்கிறது. நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா ஓடிவந்து முதலில் என்னைத் தூக்கினார், அப்புறம் காயத்தில் ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஊதினார், அதை முந்தானையில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது.

கார்டு ஏன் இறங்கியது? வாங்கும்போது கடைக்காரத் தம்பி, "லேடீஸ் சைஸ் வராது மேடம், ஜென்ட்ஸ் மீடியம் எடுங்க, ஸ்ட்ராப்ப இறுக்கிக்கிட்டா சரியாப் போவும்" என்றான். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அவனைவிட என்மேல்தான் கோபம். கடையில் நின்றுகொண்டு போட்டுப் பார்த்தேன், வண்டியில் உட்கார்ந்து பார்க்கவில்லை. உட்கார்ந்து காலை மடக்கும்போது கார்டு எங்கே நிற்கிறது, கையால் திருகினால் சுற்றுகிறதா, இரண்டையும் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். உள்ளே ஈஎன் 1621 என்று, அடி தாங்குவதற்கான ஐரோப்பியத் தர எண்ணை அச்சடித்து லெவல் 2 போட்டிருந்தது. மூட்டில் நிற்காத கார்டுக்கு லெவல் எதற்கு?

பாளைத் தம்பி, நூறு ரூபாய் நீட்டியதைப் பெரிய பாவம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாவுக்கு நானும் கொடுக்கப் பார்த்தேன், சிதறின நெல்லுக்கு. வாங்கிக்கொண்டார். அவரவர் இஷ்டம்.

வள்ளியூர்க் காற்று

அது நெல்லுக்கு விலை அக்கா, இது உதவிக்கு விலை. ரெண்டும் ஒண்ணா?

தென்காசி அக்கா

நடுங்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் வருமா?

திசையன்விளை

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். பஞ்சர் கிட் பற்றி யாரும் சொல்லவில்லை. என்னிடம் இரண்டு வருஷமாக இருந்தது, சீட்டுக்கு அடியில், கவர்கூடப் பிரிக்காமல். டியூப்லெஸ் டயர், 12 வோல்ட் காற்றுப் பம்ப் எல்லாம் உண்டு. இட்டமொழி தாண்டி நாங்குநேரி போகும்போது ராத்திரி எட்டரைக்கு வண்டி பின்னால் ஆடியது. நிறுத்திப் பார்த்தால் காற்று பாதி இருக்கிறது. பக்கத்து வயலில் கிடை போட்டிருந்தவர் டார்ச்சோடு வந்தார். டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "உடமுள்ளு தம்பி, இந்தா நிக்கி" என்று காட்டினார். இடுப்பிலிருந்து முள்வாங்கியை எடுத்தார். "எடுத்துரட்டா?"

"எடுங்க" என்றேன்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்த முள்தான் இத்தனை நேரம் ஓட்டையை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. எடுக்காமல் காற்றை மட்டும் நிரப்பிக்கொண்டு மெதுவாக ஓட்டியிருந்தால் நாங்குநேரி போய்ச் சேர்ந்திருப்பேன். சரி, கிட் இருக்கிறதே என்று பிரித்தேன். ஓட்டையைப் பெரிதாக்குகிற அந்த அரம் மாதிரி ஊசியை டயரில் குத்தித் திருகினால், பிளாஸ்டிக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது, ஊசி டயரிலேயே நிற்கிறது. முள்ளை எடுத்த இடத்தில் இப்போது கம்பி. ஆடுகளெல்லாம் வேடிக்கை பார்க்கின்றன. கடைசியில் அவர் யாருக்கோ போன் போட்டு, ஒரு மினி டெம்போ வந்து, அதில் வண்டியை ஏற்றிப் போனோம்.

இரும்புக் கைப்பிடி உள்ள கிட் வாங்குங்கள், பழைய டயர் ஒன்றில் வீட்டிலேயே இரண்டு தடவை போட்டுப் பழகுங்கள். பம்ப் பேட்டரியில் கிளிப் மாட்டுகிற மாதிரி இருக்கட்டும்.

ஸ்ப்ளெண்டர் சித்தப்பா

டியூப் டயராக இருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது, எந்த ஊரிலும் ஒட்டுவான்.

திசையன்விளை

ராத்திரி எட்டரைக்கு இட்டமொழிக்கு அந்தப் பக்கம் யார் சித்தப்பா ஒட்டுவான்? டியூப் என்றால் முள்ளு குத்தின உடனே படுத்திருக்கும், காற்று பாதி நின்றதே டியூப்லெஸ் என்பதால்தான்.

கடையநல்லூர் 150

ஒரு சந்தேகம். மழைக்கு ஜாக்கெட்டுக்கு மேலே போடுகிற ரெயின்கோட் வாங்கினால் கிளவுஸ் உள்ளே போகவேண்டுமா, மேலேயா? எனக்கு இரண்டு விதமாகப் போட்டும் கை நனைகிறது.

வள்ளியூர்க் காற்று

உள்ளே. கையை நீட்டி ஹேண்டில் பிடிக்கும்போது தண்ணீர் தோளிலிருந்து மணிக்கட்டுக்குத்தான் ஓடிவரும். கிளவுஸ் மேலே இருந்தால் அது வாய் பிளந்த வாளி. கொஞ்ச தூரத்தில் இரண்டு கைக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்.

பாளைக்காரன்

நானும் இப்போது மேலே போடுகிற கோட்டுக்கு மாறிவிட்டேன். ஜாக்கெட்டுக்கு மேல் வரவேண்டும் என்பதால் ஒரு சைஸ் பெரிதாக, பச்சை மஞ்சளில், அரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தெரிகிற கலர். ஷூவைக் கழற்றாமல் மாட்டுகிற மாதிரி பேண்டின் காலில் ஜிப் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். மழை தொடங்கினால் இரண்டு நிமிஷ வேலை.

அக்கா கேட்டதற்கும் வள்ளியூரார் கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று செய்தேன், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அதே மாதிரி இன்னொரு ரெயின்கோட் வாங்கிக்கொண்டு புளியரைக்குப் போனேன். அந்தத் தாழ்வாரத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. எக்ஸ்எல், புல்லுக்கட்டு, சாக்குக் கொங்காணி என்று அடையாளம் சொன்னேன். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே, "இந்தப் பக்கம் அப்படி முப்பது பேரு இருக்காவ, ஆருன்னு சொல்ல?" என்றார். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, எனக்குக் கொங்காணியும் பண்ணரிவாளும்தான் நினைவில் இருக்கின்றன. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாலு எக்ஸ்எல் போயிற்று, ஒன்றில்கூட அவர் இல்லை. அல்லது இருந்தாரோ என்னவோ.

கோட் இன்னும் கவர் பிரிக்காமல் என் பையில் கிடக்கிறது.

கடையநல்லூர் 150

அண்ணாச்சி, நான் வாரம் ரெண்டு தடவை அந்த வழியாகத்தான் புனலூர் போகிறேன். டீக்கடைப் பெயரைச் சொல்லுங்கள். அந்தக் கோட் என்ன சைஸ்?