12 அங்குல வூஃபருக்கு மேல் 1 அங்குல கம்ப்ரஷன் டிரைவர்: வீட்டுக் கூடத்துக்கு எந்த ஹார்ன் பொருந்தும்?

காவேரிப்பட்டணத்தார் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கூடத்துக்காக ஒரு ஜோடி ஒலிபெருக்கிப் பெட்டிகள் செய்து வருகிறேன். 96 டெசிபெல் உணர்திறன் (தரும் மின்சக்திக்கு எழும் ஒலியின் அளவு) உள்ள 12 அங்குல வூஃபர்கள், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்கள், பெட்டியில் ஏறிவிட்டன. மேலே வைப்பதற்கு, 44 மில்லிமீட்டர் வாய்ஸ் காயிலும் (ஒலித்தகட்டை அசைக்கும் கம்பிச்சுருள்) 1 அங்குலத் தொண்டையும் (ஒலி வெளிவரும் துளை) கொண்ட, மரை சுற்றி மாட்டும் கம்ப்ரஷன் டிரைவர்கள், அதாவது ஹார்ன் வழியே உயர்ந்த ஒலி தருபவை, கையில் இருக்கின்றன. 1,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிராஸ்ஓவர் (வூஃபரிடமிருந்து டிரைவர் ஒலியை ஏற்கும் அதிர்வெண்) வைக்கக் கூடாது என்று அவற்றின் விவரத்தாளில் கண்டிருக்கிறது.

டிரைவரின் முன்னே மாட்டும் விரிந்த குழாயான ஹார்னில்தான் முடிவுக்கு வர முடியவில்லை. முதலாவது, மைக் செட் பெட்டிகளில் வழக்கமாகக் காணும் பிளாஸ்டிக் ஹார்ன். வாய் 22க்கு 15 சென்டிமீட்டர், மேலே 90க்கு 40 (ஒலி பரவும் கோணம்: கிடைமட்டத்தில் 90 பாகை, செங்குத்தில் 40) என்று அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டாவது, பழைய திரையரங்கு ஒன்றிலிருந்து கழற்றிய வார்ப்பு அலுமினிய எக்ஸ்பொனென்ஷியல் (குறுக்குப் பரப்பு ஒரே விகிதத்தில் பெருகிக்கொண்டே போகும்) ஹார்ன். வட்ட வாய், குறுக்களவு 35 சென்டிமீட்டர். மூன்றாவது இன்னும் வாங்கவில்லை: 30 சென்டிமீட்டர் வாயுள்ள வட்டமான 90 பாகை வேவ்கைடு (ஒலியை ஒரே கோணத்தில் பரப்பும் ஹார்ன் வகை), மரத்தில் கடைந்து தருவதாக ஒருவர் சொல்கிறார்.

கூடம் 12க்கு 16 அடி. மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ், ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல்; கை தட்டினால் கணீரென்று எதிரொலிக்கும். சோபா 9 அடி தூரத்தில் இருக்கிறது. நாதஸ்வரம், வாய்ப்பாட்டு, பழைய திரைப்பாடல்கள் ஆகியவைதான் பெரும்பாலும் ஒலிக்கும். அப்பாவும் அம்மாவும் உடன் உட்கார்ந்து கேட்பார்கள் என்பதால் ஒரே நாற்காலிக்கென்று அமைக்க இயலாது. திருவிழாக் குழாய் ஸ்பீக்கரின் ஓசை வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஓசூர் வாசகர்:

ஹார்னின் மேல் அச்சிட்டிருக்கும் கோணத்தை ஒதுக்கிவிட்டு, முதலில் அளவு நாடாவை எடுங்கள். ஒரு ஹார்ன் தன் கோணத்தை எந்த அதிர்வெண் வரை காப்பாற்றும் என்பதை அதன் வாயின் அகலம்தான் தீர்மானிக்கிறது. ஒலிபெருக்கிப் பொறியாளர் டான் கீலே 1975இல் எழுதிய கட்டுரையில் இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வாயின் அகலத்தை மீட்டரிலும் கோணத்தைப் பாகையிலும் எடுத்துப் பெருக்கி, வரும் தொகையால் 25,300ஐ வகுத்தால் அந்த அதிர்வெண் ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

பிளாஸ்டிக் ஹார்னை இதில் போட்டுப் பாருங்கள். கிடைமட்டத்தில் 22 சென்டிமீட்டரும் 90 பாகையும் சேர்ந்து சுமார் 1,280 ஹெர்ட்ஸ் தருகின்றன. அது நல்ல விடைதான். செங்குத்தில் 15 சென்டிமீட்டரும் 40 பாகையும் சேர்ந்தால் 4,200 ஹெர்ட்ஸுக்கு மேல் வருகிறது. அதாவது 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த 40 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. கிராஸ்ஓவர் அருகே அது பக்கவாட்டைவிட மேலும் கீழும்தான் அதிகமாகப் பரப்பும். உங்கள் கூடத்தில் மேலே கான்கிரீட்டும் கீழே டைல்ஸும் அதற்காகவே காத்திருக்கின்றன.

வூஃபரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 12 அங்குல வூஃபரின் கூம்பு சுமார் 26 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. 1,300 ஹெர்ட்ஸை எட்டும்போது அதன் ஒலி தானாகவே 90 பாகைக்குச் சுருங்கிவிடும். அதே இடத்தில் அதே அகலத்தோடு ஹார்ன் பொறுப்பை வாங்கிக்கொண்டால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் நேரே வரும் ஒலியும் ஒரே குணத்தோடு இருக்கும். அப்படி அமையாவிட்டால், பெட்டிக்கு நேர் எதிரே அளக்கும்போது வரைபடக் கோடு சமமாகத் தெரிந்தாலும், அறைக்குள் குரலின் நிறம் மாறிவிடும். நீங்கள் அஞ்சும் குழாய் ஓசையில் பெரும் பங்கு இதுவே என்பது என் கருத்து. 30 சென்டிமீட்டர் வட்ட வேவ்கைடு ஏறத்தாழ 940 ஹெர்ட்ஸ் வரை, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியாக, 90 பாகையைக் காக்கும். ஆகவே மூன்றாவதையே சொல்வேன்.

தருமபுரி ரசிகர்:

ஓசூர் நண்பரின் கணக்கு சரி. ஆனால் எக்ஸ்பொனென்ஷியல் ஹார்னை அப்படியே ஓரங்கட்டிவிட வேண்டியதில்லை. கீழ் அதிர்வெண்களில் டிரைவரின் டயஃப்ரத்துக்கு (அதிரும் ஒலித்தகடு) நல்ல காற்றுச் சுமை கிடைப்பதால், அது குறைந்த அசைவில் நிறைய ஒலி தரும். மேல் அதிர்வெண்களில் கற்றை ஒடுங்கிக்கொண்டே போவதால், நேர் எதிரே உட்காருபவருக்கு ஈக்வலைசர் (குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் சுற்று) இல்லாமலே உச்சஸ்தாயி நிறைவாக வந்து சேரும். தனியாக இரவில் கேட்கும் எனக்கு அதில் வரும் நாதஸ்வரம்தான் பிடித்திருக்கிறது. மூவர் உட்காரும் சோபா என்றால் கதை வேறு. ஓரத்தில் இருப்பவருக்குத் தாளத்தின் சிணுக்கம் கேட்காது.

வேவ்கைடு வாங்கினால் வேறொரு வேலை காத்திருக்கும். கம்ப்ரஷன் டிரைவரின் மொத்த ஒலிச்சக்தி சுமார் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஸ்தாயிக்கு 6 டெசிபெல் வீதம் இறங்கும். எக்ஸ்பொனென்ஷியல் கற்றையை ஒடுக்கி அந்த இறக்கத்தை மறைத்துவிடுகிறது. ஒரே கோணத்தில் பரப்பும் ஹார்னோ உள்ளதை உள்ளபடி காட்டும். ஆகவே மேலே தூக்கிவிட ஒரு சுற்று தேவை. உங்கள் டிரைவர் 108 டெசிபெல் அளவில் இருந்தால், வூஃபரைவிட 12 டெசிபெல் உபரி இருக்கிறது. கீழ்ப்பகுதியை ரெசிஸ்டர்களால் அடக்கி, மேல்பகுதி மட்டும் ஒரு கெபாசிட்டர் வழியாக அவற்றைத் தாண்டிச் செல்லும்படி செய்தால், அந்த உபரியே ஈக்வலைசராகிவிடும்.

பாலக்கோடு தச்சர்:

ஹார்ன் எதுவானாலும் தொண்டையைக் கவனியுங்கள். டிரைவரின் துளை 25.4 மில்லிமீட்டர் என்றிருக்க, ஹார்னின் துளை ஒரு மில்லிமீட்டர் சிறிதாக இருந்தாலும் அங்கே ஒரு படி உண்டாகி, மேல் அதிர்வெண்களில் மேடுபள்ளம் தெரியும். நான் டிரைவரை மாட்டிய பிறகு ஹார்னின் வாய் வழியாகச் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன். நகம் இடறினால் கழற்றி, உருண்டைக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்ப்பேன். மரத்தில் நேரடியாக மரை வெட்டினால் நிற்காது என்பதால், மரையுள்ள உலோகத் தட்டு ஒன்றைப் பின்னால் பதியுங்கள். வாயின் விளிம்பைக் கூர்மையாக விடாமல் முகப்புப் பலகையோடு உருட்டி இணைக்கச் சொல்லுங்கள். எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வளையங்களை ஒட்டிக் கடைந்தால் வெடிப்பு வராது. வேம்பு, மா போன்றவற்றில் ஒரே கட்டையாகக் கடைந்தால் நம் ஊர் வெயிலுக்குப் பிளக்க வாய்ப்புண்டு.

காவேரிப்பட்டணத்தார்:

எல்லோருக்கும் நன்றி. எம்டிஎஃப் வளையங்களிலேயே வட்ட வேவ்கைடு செய்யச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள். 30 சென்டிமீட்டர் ஹார்னை வூஃபருக்கு மேல் வைத்தால் மையங்களுக்கு இடையே 31 சென்டிமீட்டர் வருகிறதே, அது அதிகமா? டிரைவரின் டயஃப்ரம் வூஃபரைவிடப் பின்னால் போய்விடுவதற்கு என்ன செய்வது?

ஓசூர் வாசகர்:

1,300 ஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளம் சுமார் 26 சென்டிமீட்டர். 31 சென்டிமீட்டர் இடைவெளியில், இரண்டு ஒலிகளும் நேரே ஒத்துச் சேருமாறு கிராஸ்ஓவர் அமைந்தால், மேலும் கீழும் ஏறத்தாழ 25 பாகையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 9 அடியில் அது காதின் மட்டத்திலிருந்து 4 அடிக்கு மேல் விலகியிருக்கும். உட்கார்ந்து கேட்பவருக்குத் தொந்தரவில்லை. இருந்தாலும் வளையத்தின் விளிம்பும் வூஃபரின் சட்டமும் ஒட்டி நிற்கும்படி நெருக்கி வையுங்கள்.

பின்தங்கல் 10 சென்டிமீட்டர் என்றால் தாமதம் 0.3 மில்லிசெகண்ட். டிஎஸ்பியும் (ஒலிச் சைகையை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் இருந்தால் வூஃபரை அவ்வளவு தாமதப்படுத்திவிடலாம்; அந்த வழியையே பரிந்துரைக்கிறேன். அப்படிச் செய்தால் டிரைவருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே ஒரு கெபாசிட்டரைத் தொடராகப் போட மறக்காதீர்கள். 8 ஓம் டிரைவருக்கு 33 மைக்ரோஃபாரட் போட்டால் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். ஆம்ப்ளிஃபயரை இயக்கும்போது வரும் ‘தொம்’ என்ற அடி அப்போது டயஃப்ரத்தைத் தாக்காது.