61,400 கி.மீ. ஓடின ஹிமாலயன், கிருஷ்ணகிரி: என்ன விலை கேட்கலாம்?

பழையபேட்டை:
எல்லாருக்கும் வணக்கம். 2018 கடைசியில எடுத்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக், 411 சிசி, பிஎஸ்4 (புகை அளவு விதி), ஏபிஎஸ் (பிரேக் புடிச்சா வீல் லாக் ஆகாது) மாடல். டிஎன் 24 பதிவு, ஒரே ஓனர், லோன் கிடையாது. 1,25,000 சொல்லலாம்னு இருக்கேன். ஜாஸ்தியா?

ஏன் விக்கிறேன்னு எல்லாரும் கேப்பீங்க. வண்டி 190 கிலோவுக்கு மேல, எனக்கு 58 வயசு. போன மாசம் கே.ஆர்.பி. டேம் ரோட்டுல வண்டியைத் திருப்பறப்போ ஜல்லியில கால் வழுக்கி, வண்டி மெதுவா, மாடு படுக்கிற மாதிரி சாஞ்சிடுச்சு. கரும்பு ஜூஸ் கடைக்காரரும் ஒரு பையனும் வந்து தூக்கி விட்டாங்க. வண்டிக்கு க்ராஷ் கார்டுல ஒரு கீறல்தான். எனக்கு முட்டி வீங்கி ரெண்டு வாரம் நொண்டினேன். வீட்டுல பேச்சே நின்னு போச்சு.

பழைய வண்டி வியாபாரி ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன். ஸ்டார்ட் கூட பண்ணிப் பாக்கலை. மீட்டரைப் பார்த்து "அறுபதாயிரமா!"ன்னார், டேங்க் தூசியில விரலால ஒரு கோடு போட்டார், 80,000ன்னார். அது ராயக்கோட்டை ரோட்டு தூசிங்க, அரை மணி முன்னாடி ஒட்டினது. விலையை விட அந்தக் கோடுதான் உறுத்துது.

முதல் நாள்லேர்ந்து ஒரு நோட்டுல எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். 5,000 கி.மீ.க்கு ஒரு தரம் ஆயில். செயின் செட் ரெண்டு முறை மாத்தினது, கடைசியா 49,000ல. 38,000ல கோன் செட் (ஹேண்டில் திரும்பற இடத்து பேரிங்), அது அஞ்செட்டி காட்டு ரோட்டோட புண்ணியம். முன் வீல் 21 இஞ்ச், அந்த டியூப் வழியில சின்ன பஞ்சர் கடைகள்ல கிடைக்காது. அதனால ஒண்ணு எப்பவும் பையில இருக்கும், அதையும் சேர்த்தே தரேன்.

ஓசூர் மெக்கானிக்:
ஐயா, டவுனுக்குள்ள ஓட்ட வாங்கறவன் மீட்டரைப் பார்த்து பயப்படுவான், அவன் நமக்கு வேணாம். லாங் போறவனுக்கு உங்க நோட்டுதான் பேசும். 1,25,000 சொல்லுங்க, 1,10,000 வந்தா கொடுத்துடுங்க. 2023 கடைசியில ரேடியேட்டர் வெச்ச ஹிமாலயன் 450 வந்ததும் 411ஐ நிறுத்திட்டாங்க. ரேடியேட்டர் இல்லாத பழசுதான் வேணும்னு தேடி வர்ற ஆளுங்க எங்க பக்கம் நிறைய.

வர்றவன் விவரமானவனா இருந்தா சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் வீலைத் தூக்கிக்கிட்டு, ஹேண்டிலை ரெண்டு விரல்ல இப்படி அப்படி திருப்புவான். நடுவுல "டக்"குன்னு உட்கார்ந்தா கோன் செட் போச்சு. அப்புறம் வீல்ல இருக்கற ஸ்போக் கம்பிகளை ஸ்பேனரால தட்டிக்கிட்டே போவான். ஒண்ணு மட்டும் மொத்தையா சத்தம் குடுத்தா லூஸ். ஃபோர்க் (முன் ஷாக் அப்சார்பர்) சீல்ல எண்ணெய் கசிவு இருக்கான்னு துணியால துடைச்சுப் பாப்பான். இதையெல்லாம் நீங்களே முன்னாடி பார்த்துடுங்க.

தர்மபுரி அக்கா:
விலையை ஆம்பளைங்க பேசிக்குங்க, நான் பேப்பரைச் சொல்றேன். தெரிஞ்ச பையன்தானேன்னு என் ஸ்கூட்டரை வித்து, படிவத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துட்டேன். அவன் பேர் மாத்தவே இல்லை. ரெண்டு வருஷம் கழிச்சு ஹெல்மெட் போடாத அபராதம் என் பேருக்கு வந்து நிக்குது, போட்டோவுல யாரோ மீசைக்காரர்!

பேர் மாத்தற படிவம் 29, 30 ரெண்டையும் முழுசா நிரப்பி நீங்களே கூடப் போய் முடிங்க. நம்ம மாநிலத்துக்குள்ளேன்னா வித்தவர் 14 நாளுக்குள்ள, வாங்கினவர் 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுல தெரிவிக்கணும். இன்சூரன்ஸும் அவர் பேருக்கு மாறணும். ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈடும் அவர் தலையிலதான்னு சுப்ரீம் கோர்ட்டே 2018ல சொல்லிடுச்சு. வெள்ளைத் தாள்ல எழுதி வாங்கறதெல்லாம் நம்ம மனசு ஆறறதுக்குத்தான்.

அப்புறம் ஓட்டிப் பாக்க வர்றவர்கிட்ட ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி வெச்சுட்டு சாவியைக் குடுங்க.

அரூர்:
ஐயா, நான் வந்து பாக்கலாமா? நானும் ஒரு ஃப்ரெண்டும் ஞாயித்துக்கிழமை காலைல 9 மணிக்கு வர்றோம். இப்ப 150 சிசி ஓட்டறேன். ஒரு கேள்வி, தப்பா நினைக்காதீங்க. இத்தனை கி.மீ. எங்கதான் போனீங்க?

பழையபேட்டை:
தம்பி, பாதி அஞ்செட்டிதான். லடாக் எல்லாம் போகலை. சனிக்கிழமை விடியறதுக்குள்ள கிளம்பினா ராயக்கோட்டையில தக்காளி லாரி லோடு ஏத்தறப்போ ஒரு டீ, தேன்கனிக்கோட்டை தாண்டி காட்டுல இறக்கம். அந்த ரோட்டுல யானை லத்தி, அதான் சாணம், ஆவி பறக்கக் கிடந்தா யானை பக்கத்துலதான்னு அர்த்தம். எஞ்சினை அணைச்சுட்டுக் காது குடுத்து நிக்கணும். ஒரு தரம் அப்படி 40 நிமிஷம் நின்னேன். உள்ள மூங்கில் முறியற சத்தம், கீழே சைலன்ஸர் ஆறற "டிங் டிங்". யானையைக் கடைசி வரைக்கும் பாக்கலை. அப்படியே ஒகேனக்கல் போய், குளிச்சு, மீன் சாப்பிட்டு, பென்னாகரம் வழியா வீடு. இதேதான் வருஷக்கணக்கா.

தொப்பூர் இறக்கத்துல மட்டும் இதை ஓட்டறப்போ கியர்லயே இறங்கு. லாரிக்காரங்க போடறாங்கன்னு நீயும் நியூட்ரல் போடாதே.

ஓசூர் மெக்கானிக்:
அரூர் தம்பி, வந்ததும் முதல்ல எஞ்சினைத் தொட்டுப் பாரு. சில்லுன்னு இருக்கணும். சூடா இருக்கற வண்டி எல்லாமே நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகும். ஐயா, அதனால அன்னிக்குக் காலைல நீங்க வண்டியைத் தொடவே கூடாது. ஒரு ரவுண்டு கூட!

பழையபேட்டை:
புரியுது. சனிக்கிழமை ராத்திரியே சாவியை வீட்டம்மாகிட்ட குடுத்துடறேன்.