பல் வேரை எவ்வளவு வழவழப்பாகச் சுரண்ட வேண்டும்?

கேள்வி: கடைசல்_கோவை

வணக்கம். வயது 51, பீளமேட்டில் பம்ப்செட் ஷாஃப்ட் கடைசலும் கிரைண்டிங்கும் செய்கிறேன். ஆறு மாதமாகப் பல் துலக்கினால் ரத்தம். போன வாரம் ஈறு டாக்டரைப் பார்த்தேன். கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு அளந்தார். வலது மேல் கடைவாய்ப் பல்லில் 6 மில்லிமீட்டர், அதற்கு முன்னால் இருப்பதில் 5. மரத்துப்போக ஊசி போட்டு, முதலில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அதிரும் மெஷின், அப்புறம் கியூரெட் என்கிற சுரண்டும் கருவியால் கையாலேயே. வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் வரும் வியாழக்கிழமை.

என் சந்தேகம் இதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வேறொரு டாக்டர் கீழ் முன்பல்லுக்கு இதையே செய்தார். "வேர் கண்ணாடி மாதிரி ஆகணும், அப்பத்தான் அழுக்கு ஒட்டாது" என்று வெகுநேரம் சுரண்டினார். அன்று தொடங்கிய கூச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இவரோ சீக்கிரமே நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "காரை (பல்லில் இறுகிப் படிந்த அழுக்கு) போயிருச்சு, போதும்" என்றார். ஆயில் சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் சொரசொரப்பாக இருந்தால் சீல் தேய்ந்து ஒழுகும். அங்கே 0.4 மைக்ரான் அளவுக்குக் கிரைண்டிங் பிடித்தே பழகிய கை எனக்கு. ஈறும் ஒரு சீல் மாதிரிதானே? பாதியில் விட்டுவிட்டாரோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஈறு_மருத்துவர்

நீங்கள் கேட்டதைத்தான் எங்கள் துறையே பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் படித்த காலத்திலும் கண்ணாடி மாதிரி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். கிருமிகளின் நச்சு வேரின் மேல்தோலான சிமென்டத்துக்குள் ஊறிவிட்டது, அதைச் சீவி எடுத்தால்தான் ஈறு ஆறும் என்பது அன்றைய நம்பிக்கை. 1986ல் பிடுங்கிய பற்களை வைத்துச் சோதித்தார்கள். லேசாகக் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்ததிலேயே அந்த நச்சில் 99 விழுக்காடு போய்விட்டது. 1988ல் ஸ்வீடனில் நைமனும் அவருடன் இருந்தவர்களும் நோயாளிகளின் ஈறைத் திறந்து, வாயின் ஒரு பாதியில் சிமென்டத்தைச் சுரண்டி எடுத்தார்கள். மறு பாதியில் காரையை மட்டும் நீக்கி மெருகேற்றினார்கள். இரண்டும் ஒரேபோல ஆறின.

உங்கள் கைக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். பல் கழுத்தருகே சிமென்டம் 20 முதல் 50 மைக்ரான்தான். கியூரெட்டை அழுத்தி இழுத்துக்கொண்டே இருந்தால் அது போய், உள்ளே இருக்கும் கூச்சம் உணர்கிற டென்டின் என்ற அடுக்கு வெளியே தெரியும். உங்கள் முன்பல் கூச்சம் பெரும்பாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

அதற்காக வழவழப்பு வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஈறுக்கு மேலே, கண்ணுக்குத் தெரிகிற பகுதியில் சொரசொரப்பு 0.2 மைக்ரானைத் தாண்டினால் அழுக்குப் படிவது கூடும். அதனால் அங்கே மெருகேற்றுவோம். ஈறுக்குள்ளே வழவழப்பு எங்களுக்கு ஓர் அடையாளம். கண்ணுக்குத் தெரியாத இடம். எக்ஸ்ப்ளோரர் என்கிற மெல்லிய கூர்கம்பியின் முனையை மெதுவாக இழுப்போம். காரை மிச்சமிருந்தால் சிமென்ட் தரையில் ஆணி இழுத்த மாதிரி விரலில் கரகரக்கும். அது நின்றதும் உங்கள் டாக்டரும் கையை நிறுத்தியிருக்கிறார். அது சரிதான்.

நான் அதிகம் கவலைப்படுவது வேரின் வடிவத்தைப் பற்றி. மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர். அவை பிரியும் இடத்தின் வாசல் பல பேருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சாதாரண கியூரெட்டின் முகமே ஏறக்குறைய அவ்வளவு அகலம். உள்ளே நுழையவே நுழையாது. பிடுங்கிய பல்லை லென்ஸில் பார்த்தால், சுத்தமாக எடுத்துவிட்டோம் என்று நினைத்த வேரின் பள்ளத்தில் எள்ளைவிடச் சின்னதாகக் கறுப்புக் காரை ஒட்டிக்கொண்டிருக்கும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இன்றும் மனசு சங்கடப்படும். வியாழக்கிழமை போகும்போது, "வேர் பிரியும் இடம் திறந்திருக்கா, மெல்லிய முனை போட்டுப் பார்த்தீங்களா" என்று கேளுங்கள். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அது கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு ஆறுவது தாமதமாகும்.

பதில் 2: மீனாட்சிபுரம்_அக்கா

அண்ணா, எனக்கும் 6 மில்லிமீட்டர் இருந்தது. சுத்தம் செய்த பிறகு ஈறு சுருங்கி, பல் இடுக்கில் சந்து விழுந்துவிட்டது. பயந்துவிட்டேன். வீக்கம் வற்றினால் அப்படித்தான் என்றார்கள். அந்தச் சந்துக்குள் போகிற குட்டி பிரஷ் மருந்துக்கடையில் கிடைக்கிறது. தினமும் ராத்திரி போடுங்கள். முதல் வாரம் ரத்தம் வரும், விட்டுவிடாதீர்கள்.

கடைசல்_கோவை (பத்து வாரம் கழித்து)

டாக்டர் ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. வியாழக்கிழமை அப்படியே கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை, வளைந்த கம்பி ஒன்றை விட்டுப் பார்த்து, கடைவாய்ப் பல்லில் கொஞ்சம் திறந்திருக்கிறது என்று மெல்லிய முனையால் மறுபடி சுத்தம் செய்தார். நேற்று அளந்தார்கள். 5 இருந்த இடம் 3. கடைவாய்ப் பல் 6லிருந்து 4. வேர் பிரியும் பக்கம் மட்டும் 5ல் நிற்கிறது, அங்கே இன்னும் ரத்தம் கசிகிறது. மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னார். அதற்கும் குறையவில்லை என்றால் ஈறைத் திறந்து பார்க்கலாமாம். சர்க்கரை பார்த்தேன், எல்லையில் இருக்கிறது. டீயில் சீனியை நிறுத்திவிட்டேன். குட்டி பிரஷ் தினமும் போடுகிறேன்.