புதுப்பிப்பு: ஜூலியா கணத்தின் பரிமாணத்தைப் பெட்டி எண்ணி அளப்பது

இசட் → இசட்² + சி என்பதைத் திரும்பத் திரும்பச் செய்தால் (இசட், சி இரண்டும் சிக்கலெண்கள்) முடிவிலிக்கு ஓடும் புள்ளிகளுக்கும் ஓடாதவற்றுக்கும் இடையிலான எல்லைதான் ஜூலியா கணம். அதன் பரிமாணத்தை அளப்பது பினாங்குத் தீவின் கரையோரத்தை அளப்பது மாதிரியேதான் என்று முன்பு எழுதியிருந்தேன்: பெட்டிகளைச் சிறிதாக்கிக்கொண்டே போய், கணம் தொடும் பெட்டிகளை எண்ணி, எண்ணிக்கைக்கும் பெட்டி அளவுக்குமான மடக்கை வரைபடத்தின் சாய்வை எடுப்பது. அங்கே சொன்ன பின்னோக்கு முறையை (வர்க்கமூலம் எடுத்துக்கொண்டே போவது) கைவிடுங்கள். புள்ளிகள் நுனிகளில் குவிந்துவிடும், ஆழமான இடுக்குகள் காலியாகவே கிடக்கும், பரிமாணம் குறைவாக வரும்.

பதிலுக்குத் தொலைவு மதிப்பீடு, அதாவது ஒரு புள்ளி கணத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கணிப்பது: இசட்டோடு அதன் வகைக்கெழுவையும் ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பழைய வகைக்கெழு × 2 × இசட். தொடக்கம் 1. மாண்டெல்பிராட் கணத்துக்கு (இசட் 0-இல் தொடங்கினால் முடிவிலிக்கு ஓடாத சி-க்களின் தொகுப்பு) மட்டும் +1 சேரும், தொடக்கம் 0. பலர் சறுக்குவது இங்கேதான். |இசட்| 1000 தாண்டியதும், |இசட்| × அதன் இயல் மடக்கை ÷ |வகைக்கெழு| என்பதே தொலைவின் மதிப்பீடு. கணம் இணைந்ததாக இருந்தால் உண்மைத் தொலைவு ஏறத்தாழ இதன் பாதிக்கும் இருமடங்குக்கும் இடையில் இருக்கும். ஆகவே 4 படப்புள்ளிக்குக் குறைந்த பெட்டிகளைச் சாய்வில் சேர்க்காதீர்கள்.

சோதனை: சி = 0 வட்டம், சி = −2 கோட்டுத்துண்டு; இரண்டுக்கும் 1 வர வேண்டும். சி = 0.1 என்றால், சிறிய சி-க்குப் பரிமாணம் தரும் ருயெல் சூத்திரப்படி சுமார் 1.0036, அந்த நுணுக்கம் நம் படத்தில் தெரியாது.

மாண்டெல்பிராட் விளிம்புக்கு 2 வரவில்லையே என்று ஜார்ஜ்டவுன் நண்பர் கேட்டிருந்தார். நிரல் பிழையல்ல. கணிதவியலாளர் ஷிஷிகுரா நிறுவிய 2 எல்லையற்ற நுண்மையில் கிடைப்பது. படம் அதற்கு வெகு முன்பே நின்றுவிடுகிறது.